உள்ளுணர்வு: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

"ராத்திரி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்த்ததும் என்னவோ சரியாகப் படவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிட்டேன்" என்று ஒரு பெண் வீட்டில் வந்து சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "கடவுள்தான் எச்சரிச்சிருக்கார், உள்மனசு ஒருநாளும் பொய் சொல்லாது" என்பது ஒரு கட்சி. "நீ சும்மா பயந்திருக்கே, அந்த மனுஷன் அவன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு பேச்சுமே ஆபத்தானவை. இரண்டாவது பேச்சு ஒரு பெண்ணை அடுத்த முறை இறங்கவிடாமல் தடுக்கும். முதல் பேச்சு அதைவிட நல்லதுபோலத் தெரிந்தாலும், உள்மனசு பொய்யே சொல்லாது என்று நம்பிய கூட்டம் அப்பாவிகளை அடித்தே கொன்றிருக்கிறது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளுணர்வுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். இன்னொரு வேலை தெரியவே தெரியாது. "இங்கே ஏதோ பொருந்தவில்லை, விலகு" என்று சொல்ல அதற்குத் தெரியும். "இவன் கெட்டவன்" என்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தெரியாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிய, அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிவதற்கு முன்பே முடிவு தெரிவது

ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார். "ஹலோ" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். உடனே "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுகிறோம். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்ததா, பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு கூடுதலாக இழுத்தாரா, எதுவென்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தக் குரலை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறோம். வழக்கம் எப்படி இருக்கும் என்பது மூளைக்கு மனப்பாடம். இம்மி பிசகினாலும் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததற்கான காரணத்தைச் சொல்வதில்லை. முடிவை மட்டும் ஓர் உணர்வாக அனுப்பிவிடுகிறது.

உள்ளுணர்வு என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது இதைத்தான்: நாம் கவனித்ததாகவே தெரியாத சின்னச் சின்ன விவரங்களை மூளை பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாம் யோசிப்பதற்கு முன்பே தரும் எச்சரிக்கை.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்பு வீரர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர் பேசியவர்களில் ஒருவர் கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஒரு தீயணைப்புக் குழுத் தலைவர். ஒரு வீட்டின் பின்பக்கம் சமையலறையில் தீ. குழு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறது; தீ அடங்க மாட்டேன் என்கிறது. தலைவருக்கு என்னவோ உறுத்த, எல்லாரையும் வெளியே வரச் சொல்கிறார். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை அப்படியே உள்ளே இடிந்து விழுகிறது. தீயின் மூலம் சமையலறையில் இல்லை. அவர்கள் காலுக்குக் கீழே, நிலவறையில் இருந்தது.

தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அந்தத் தலைவர் நம்பிக்கொண்டிருந்தார். க்ளைன் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத்தான் காரணங்கள் வெளியே வந்தன. அவ்வளவு சின்னத் தீக்கு அறை மிகவும் சூடாக இருந்தது. அவ்வளவு சூட்டுக்குத் தீயின் சத்தம் மிகவும் குறைவாக இருந்தது. இடையில் இருந்த தரை சத்தத்தை அடக்கிவிட்டது. இத்தனையையும் அவர் உடம்பு கவனித்திருந்தது. மனசுக்குத்தான் தகவல் வரவில்லை.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொல்வதானால்: உள்ளுணர்வு என்பது வெளியிலிருந்து வரும் அருள்வாக்கு இல்லை, நமக்குள் சேர்ந்த அனுபவம் வேகமாகப் பேசுவது. அனுபவம் எந்த அளவுக்குச் சரியோ, அதுவும் அந்த அளவுக்குத்தான் சரி.

மூளைக்குள் இரண்டு வழிகள்

மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதற்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்துக்கான அறிகுறிகளைப் பிடித்து உடம்பைத் தயார் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஜோசப் லெடூ என்ற நரம்பியல் அறிஞர் எலிகளை வைத்து ஆராய்ந்தார். ஒரு சத்தம், அதை அடுத்து ஒரு லேசான மின்அதிர்ச்சி. சில தடவைக்குப் பிறகு சத்தத்தைக் கேட்டாலே எலி உறைந்து நின்றுவிடும். அந்தச் சத்தம் எலியின் மூளைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தேடியபோது இரண்டு வழிகள் இருப்பது தெரிந்தது. புலன்களின் தகவல் வந்து இறங்கும் சந்திப்பு நிலையத்துக்குத் தாலமஸ் என்று பெயர். அங்கிருந்து ஒரு குறுக்குவழி நேராக அமிக்டலாவுக்குப் போகிறது. இன்னொரு வழி, நிதானமாகப் பகுத்துப் பார்க்கும் மேல்பகுதியான பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. குறுக்குவழியில் தகவல் அரைகுறையாகத்தான் போகும், ஆனால் வேகமாகப் போகும். சுற்றுவழி தாமதமானது, ஆனால் தெளிவானது.

இருட்டில் காலடியில் நீளமாக எதையோ பார்த்ததும் துள்ளிக் குதிக்கிறோம். அப்புறம்தான் "அட, கயிறு" என்று மூச்சு விடுகிறோம். குதித்தது ஒரு வழி; கயிறு என்று சொன்னது இன்னொரு வழி. மனிதர்களில் இந்தக் குறுக்குவழிக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் யோசனை வருவதற்கு முன்பே உடம்பு கிளம்பிவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

உடம்பு கிளம்புவது என்றால், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற இயக்குநீரை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. ஓடவோ போராடவோ வேண்டும் என்பதால் ரத்தம் வயிற்றிலிருந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ரோமத்தின் அடியில் உள்ள குட்டித் தசைகள் இறுகி மயிர்க்கூச்செறிகிறது. "வயித்தைக் கலக்குச்சு", "பகீர்னுச்சு", "கை சில்லிட்டுப் போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் கவிதை இல்லை. உடம்பில் உண்மையாகவே நடப்பதைத்தான் சொல்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: "அமிக்டலாதான் பயத்தின் இருப்பிடம்" என்று எளிமையாக எழுதிவிடுகிறார்கள். லெடூவே அதை ஏற்கவில்லை. ஆபத்தைக் கண்டதும் உடம்பு செயல்படுவது ஒன்று, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நாம் உணர்வது வேறொன்று. அமிக்டலா முதலாவதில்தான் முக்கியம் என்கிறார் அவர். நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், உடம்பு சொல்வதும் நாம் அதற்குக் கொடுக்கும் விளக்கமும் ஒன்றில்லை. கை சில்லிட்டது உண்மை. எதனால் என்று நாம் சொல்லும் கதை தப்பாக இருக்கலாம்.

பயம் வராத பெண்

இந்த எச்சரிக்கை மணி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். மருத்துவ ஆய்வுகளில் அவர் பெயரைக் காக்க எஸ்.எம். என்றே குறிப்பிடுகிறார்கள். அமெரிக்கப் பெண். உர்பாக்-வீத்தே என்ற மிக அரிதான நோயால் அவருடைய இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. அறிவுத்திறனில் குறை இல்லை. சந்தோஷம், வருத்தம் எல்லாம் உண்டு. வெளியே ஆபத்தைக் கண்டால் பயம் மட்டும் வருவதில்லை. பாம்புகள் பிடிக்காது என்று சொல்பவரைப் பாம்பு விற்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ஆசையோடு கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஓர் இரவு அவர் ஒரு பூங்காவைக் கடந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் "இங்கே வா" என்று கூப்பிட்டான். போதையில் இருப்பவன்போலத் தெரிந்தது. நீங்களும் நானும் நடையைக் கூட்டியிருப்போம். எஸ்.எம். பக்கத்தில் போனார். அவன் இழுத்துப் பிடித்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். அப்போதும் அவர் பதறவில்லை. கடைசியில் அவன் விட்டுவிட்டான். அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். அதைவிட வியப்பானது, மறுநாளும் அதே பூங்கா வழியாக நடந்து போனார். நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த நினைவு அவர் காலைத் திருப்பவில்லை.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அவரை நிற்கவைத்து, எதிரில் நடந்து வருபவர் எவ்வளவு தூரத்தில் நின்றால் சங்கடம் இல்லை என்று அளந்தார்கள். மற்றவர்கள் சராசரியாக 64 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றார்கள். அவருக்கு 34 சென்டிமீட்டர் போதும். மூக்கோடு மூக்கு நின்றாலும் சங்கடம் இல்லை. யாராவது அளவுக்கு மீறி நெருங்கி நின்றால் நமக்கு வரும் அந்த நெளிவு இருக்கிறதே, அது வெறும் கூச்சம் இல்லை. காப்பு வேலையின் ஒரு பகுதி.

ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி, ஆபத்தான அந்நியரைச் சந்திப்பது நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சம்மாமிஷ் என்று ஓர் ஏரி. 1974 ஜூலை 14, கோடைக்கால ஞாயிறு, கரையெங்கும் ஜனக்கூட்டம். வெள்ளை டென்னிஸ் உடையில், இடது கையைத் தூளியில் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் தனியாக இருக்கும் பெண்களிடம் போய்ப் பேசுகிறான். பார்க்க லட்சணமாக இருக்கிறான். தன் பெயர் டெட் என்கிறான். காரிலிருந்து பாய்மரப் படகை இறக்க வேண்டும், கை இப்படி இருக்கிறது, கொஞ்சம் உதவ முடியுமா என்று பணிவாகக் கேட்கிறான். அவன் டெட் பண்டி. பல மாநிலங்களில் பல பெண்களைக் கொன்ற குற்றவாளி; 1989-இல் ஃபுளோரிடாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அன்று பலர் மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கார்வரை கூடவே போனார். அங்கே ஒரு வோக்ஸ்வாகன் கார் நின்றது, படகைக் காணோம். கேட்டால், படகு மேட்டில் இருக்கும் தன் பெற்றோர் வீட்டில் இருக்கிறது, காரில் போய்விடலாம் என்றான். அவர் வர முடியாது என்று சொல்லித் திரும்பிவிட்டார். அதே நாளில் வேறு இரண்டு பெண்கள் அவனோடு போனார்கள், அவர்கள் திரும்பவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக, தப்பியவர்களுக்குக் கொலைகாரனை அடையாளம் தெரிந்துவிட்டது என்பதுபோலச் சொல்வார்கள். அப்படி இல்லை. அவன் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கார்வரை போய்த் திரும்பியவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: சொன்னது ஒன்று, இருப்பது வேறொன்று. உதவியின் எல்லை மாறுகிறது. "கார்வரை" என்றது "காருக்குள்" ஆகிவிட்டது. அந்தப் பொருந்தாமை அவருக்குப் போதுமாக இருந்தது. அவன் யார் என்று தீர்மானிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவே இல்லை.

போன இரண்டு பேரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையில் கட்டோடு நிற்பவனுக்கு உதவுவது நல்ல மனசு. அந்த நல்ல மனசைத்தான் அவன் கருவியாக்கினான். குற்றம் முழுக்க முழுக்க அவனுடையது.

"வேண்டாம்" என்ற பிறகு என்ன நடக்கிறது?

வெளிநாட்டு அறிவுரைகளில், முன்பின் தெரியாதவர் சொந்த விவரம் கேட்டால் உஷாராகிவிடு என்று சொல்வார்கள். நம் ஊரில் இது வேலைக்கு ஆகாது. எக்மோரில் ரயில் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் எதிர் சீட்டு அம்மா "எந்த ஊரும்மா, தனியாவா போறே, யார் வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று மூன்றையும் கேட்டு முடித்து, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் பாதியையும் நீட்டிவிடுவார். அது அன்பு. கேள்விகளை வைத்து ஆபத்தை அளந்தால் ரயிலில் பாதிப் பேர் குற்றவாளி.

கேள்வியை விட்டுவிட்டு, மறுப்புக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். "வேண்டாம்மா, சாப்பிட்டேன்" என்றால் அந்த அம்மா "சரி, அப்புறம் பசிச்சா கேளு" என்று மூடி வைத்துவிடுவார். ஆபத்தான ஆள் அப்படி விடுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் "பரவாயில்லைங்க, நானே போய்க்கிறேன்" என்று சொன்ன பிறகும் பையை வாங்கக் கை நீட்டுவான். "என்னங்க, என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு நகர்த்தப் பார்ப்பான். யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவான். இதில் ஒன்று நடந்தாலே ஒதுங்கிவிடலாம். காரணம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

நம் வளர்ப்பு இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. "அவர் என்ன நினைச்சுக்குவார்", "பெரியவர் கேட்கிறார், பதில் சொல்லு", "முகத்தைக் காட்டாதே" என்று, பெண்பிள்ளைகளுக்கு முக்கியமாக, சின்ன வயசிலிருந்தே பழக்கிவிடுகிறோம். வயிற்றைக் கலக்கும்போதுகூடச் சிரித்துப் பேசும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டக்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்வது மரியாதைக் குறைவு இல்லை. திறந்திருக்கும் மருந்துக்கடைக்குள் நுழைவதும், ஷேர் ஆட்டோவில் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருப்பதும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கணக்கு இதுதான்: தப்பாகப் பயந்து இறங்கிவிட்டால் நமக்குப் பத்து நிமிடம் போகும், வேறு யாருக்கும் எதுவும் போகாது. விலகுவதன் விலை குறைவாக இருப்பதால், உணர்வு உறுதியாக இல்லாவிட்டாலும் அதன் பேச்சைக் கேட்கலாம்.

அதே உணர்வு ஒருவரைக் கொன்ற நாள்

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர் என்ற ஊர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வட மாநிலத்துப் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கு "என்னவோ சரியில்லை" என்று பட்டது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை இதேபோன்ற வதந்தியை நம்பிய கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த மாதம்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு வந்த பதற்றம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் உடம்பிலும் அதே அட்ரினலின்தான் ஓடியிருக்கும். பஸ்ஸில் இறங்கிய பெண்ணுக்கு வந்ததும் இவர்களுக்கு வந்ததும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை நாம் நேராகப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

முதல் வித்தியாசம், அனுபவம் எங்கிருந்து வந்தது என்பதில். கேரி க்ளைனும், பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் சொன்னார்கள். அந்தத் துறையில் நடப்பவை ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நம் கணிப்பு சரியா தப்பா என்பது நமக்குத் தெரியவந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மாவின் குரலுக்கும் தீயணைப்பு வீரரின் தீக்கும் இரண்டும் பொருந்தும். அந்நியர்களின் முகத்துக்கு இரண்டாவது பொருந்தாது. ஒருவரைப் பார்த்து ஒதுங்கிப் போகிறோம். அவர் நல்லவரா கெட்டவரா என்று நமக்குக் கடைசிவரை தெரியவே போவதில்லை. தப்புத் திருத்தப்படாமல் அப்படியே உள்ளே தங்கிவிடும். அந்த இடத்தைப் பார்வர்ட் செய்திகளும் சாதி, மொழி, நிறம் பற்றி வீட்டில் காதில் விழுந்த பேச்சும் நிரப்பிவிடும்.

முகத்தைப் பற்றி ஒரு சேதி. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே "இவரை நம்பலாம், நம்பக்கூடாது" என்று மனிதர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள் என்று வில்லிஸ், டோடோரோவ் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அதிக நேரம் காட்டினால் முடிவு பெரிதாக மாறுவதில்லை, உறுதிதான் கூடுகிறது. வேகமும் உறுதியும் இருப்பதால் அது சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. பண்டியின் முகம் பலருக்கும் நல்ல முகமாகத்தான் பட்டது.

அதனால் உறுத்தல் வந்ததும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: அவர் என்ன செய்தார்? "என் பின்னாலேயே இரண்டு தெரு திரும்பினார்", "வேண்டாம் என்ற பிறகும் கையைப் பிடித்தார்" என்று பதில் வந்தால் அது நடத்தை. அழுக்குச் சட்டை, வேற்று மொழி, முரட்டு முகம் என்று பதில் வந்தால் அது தோற்றம். அங்கே பேசுவது பெரும்பாலும் நம் முன்முடிவு.

இரண்டாவது வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் தப்பாகக் கணித்திருந்தால் அந்த விலையை அவரே கொடுக்கிறார். கூட்டம் தப்பாகக் கணித்தால் விலையைக் கொடுப்பது இன்னொருவர். நம் உடம்பை நகர்த்த உள்ளுணர்வு போதும். இன்னொருவரைத் தொட, தடுத்து நிறுத்த, படம் எடுத்துப் பரப்ப அது போதவே போதாது. அதற்குச் சாட்சியும் விசாரணையும் வேண்டும். குழந்தையைப் பற்றிய சந்தேகம் என்றால் குழந்தையை நம் பக்கம் அழைத்துக்கொண்டு அவசர உதவி எண் 112-க்குப் போன் செய்வதோடு நம் வேலை முடிந்தது.

சுருக்கமாக: தோற்றத்தை ஒதுக்கி நடத்தையைப் பார்க்க வேண்டும். உணர்வை வைத்து விலகலாம், தண்டிக்கக்கூடாது.

ஓடவும் முடியாமல் கத்தவும் முடியாமல்

"அப்படிப் பயமாக இருந்தால் கத்தியிருக்கலாமே" என்ற கேள்வியை எதிர்கொள்ளாத பாதிக்கப்பட்டவர் இல்லை. பயம் வந்தால் ஓடுவோம் அல்லது எதிர்ப்போம் என்று மட்டும் நினைப்பது பாதி உண்மை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உறைந்துபோவது. தப்ப வழியே இல்லாத பேராபத்தில் உடம்பு மரக்கட்டைபோல ஆகிவிடும். குரல் எழாது, கைகால் அசையாது. இதை அசைவற்ற நிலை என்று சொல்லலாம். விலங்குகளிலும் உண்டு. இது நம் விருப்பத்தில் நடப்பதில்லை.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள். 48 விழுக்காட்டினருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. உறைந்தவர்களுக்குத்தான் பின்னாளில் மனச்சோர்வும், அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பும் அதிகம் வந்தன.

நம் நாட்டில் இது சட்டத்தின் வரலாறும்கூட. மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவலர்கள் வன்கொடுமை செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், உடலில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை என்பதையெல்லாம் காரணமாகக் காட்டி 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பால் 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013 திருத்தத்தில், உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. சட்டத்துக்குப் புரிந்துவிட்ட இந்த விஷயம் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. முன்பு ஒரு வன்முறையைக் கடந்து வந்தவர்களுக்கும் கடும் பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்தே இல்லாத இடத்திலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர்களிடம் போய் "உள்ளுணர்வை நம்பு" என்றால் வீட்டை விட்டே வெளியே வர முடியாமல் போய்விடும். அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

மணியே அடிக்காத இடம்

அந்நியர்களைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், காதலன், வேலை கொடுத்தவர்.

உள்ளுணர்வு இங்கே ஏன் தூங்கிவிடுகிறது என்று இப்போது புரியும். அது வழக்கத்திலிருந்து பிசகுவதைப் பிடிக்கும் கருவி. தெரிந்தவர் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறார். எல்லை மீறுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடுகிறார். பெரியவர்களுக்கு எதுவும் தோன்றாததால், ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் குழந்தைக்குத் தோன்றியிருக்கும். "அந்த அங்கிள் மடியில் உட்காரமாட்டேன்", "டியூஷனுக்குப் போகமாட்டேன்" என்று அது சொல்லும். காரணம் சொல்லத் தெரியாது. தீயணைப்புத் தலைவருக்கே தெரியவில்லை, ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? நாம் உடனே "சீ, அப்படிச் சொல்லக்கூடாது, மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்கிறோம். உறவு கெட்டுவிடக்கூடாது என்ற கவலையில் அந்த மணியை நாமே கழற்றி வைக்கிறோம்.

குழந்தை ஒருவரிடம் போக மறுத்தால் அப்போதைக்கு விட்டுவிடுங்கள். "வணக்கம் சொன்னால் போதும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். பிறகு தனியாக, மிரட்டாமல், "அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லாத காரணமாக இருக்கலாம். மீசை குத்துகிறது என்றுகூடச் சொல்லும். ஆனால் வேறு ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டு, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. பெண்களுக்கு 181, ஓடும் ரயிலில் என்றால் 139. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தின்படி குற்றம். அந்த ஆள் யாருக்கு என்ன உறவு என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.